கல்லை விட்டு இறங்கின நெருப்பு

எனக்குத் தொண்ணூத்தாறு வயசு. பெத்தது நாலு, வளத்ததும் நாலு. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறும். ஏறட்டும். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸு போர்டுல ஊர்ப்பேரு வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். அதனால நான் சொல்லுதேன், பேத்தி எழுதுதா. அவளுக்கு வெரசா முடிக்கணும். எனக்கு ஒரு அவசரமும் இல்ல.

குற்றாலத்துல ஐந்தருவிக்குப் போற ரோட்டுல, ஒரு மதிலுக்குள்ள கல்லு வீடு ஒண்ணு இருந்தது. இந்தப் பக்கம் யாரும் அப்படி வீடு கட்டிப் பாத்திருக்க மாட்டாங்க. சாந்து பூசாத கல்லு. மேல புல்லுக் கூரை. கூரை காத்துல பறந்துராம கயிறு போட்டு, கயித்து நுனியில கல்லைக் கட்டித் தொங்க விட்டிருக்கும். ஜன்னல் அணில் நுழையுத அளவு. நடு வீட்டுல, தரையில, ஒரு பெரிய தட்டைக் கல்லு. அந்தக் கல்லு மேல நெருப்பு. உத்தரத்துல இருந்து ஒரு சங்கிலி இறங்கி, அதுல இரும்புச் சட்டி தொங்கும். புகைபோக்கி கிடையாது, புகை தானாக் கூரை வழியாக் கசிஞ்சு போகணும். சீசனுக்கு வந்த ஆளுக ரோட்டுல நின்னு, "ஐயோ, வீடு எரியுது"ன்னு வாளியைத் தூக்கிட்டு ஓடி வந்ததும் உண்டு.

ஸ்காட்லாந்துன்னு ஒரு தேசம். வெள்ளைக்காரங்கதான், ஆனா அவங்களை இங்கிலீஷ்காரங்கன்னு சொல்லிட்டா முகம் சுண்டிப் போகும். செங்கோட்டைக்கு மேல மலையில தேயிலைத் தோட்டம் வச்சிருந்த தொரைமாருல பாதிக்கு மேல அவங்க ஆளுக. அவங்க ஒரு தர்ம சங்கம் வச்சிருந்தாங்க. இங்கன பிறந்து வளருத தங்க பிள்ளைகளுக்குப் பாட்டன் பூட்டன் எப்படி வாழ்ந்தான்னு தெரியாமப் போயிருமேன்னு, அந்தச் சங்கம் கட்டி வச்ச வீடு அது. படம் வரைஞ்சு காட்டுத வீடு இல்ல. உள்ள ஆள் குடியிருக்கணும், அந்தக் காலத்து உடுப்பு உடுத்தணும், அந்தக் காலத்துக் கஞ்சி காச்சணும். பிள்ளைக வந்து பக்கத்துல உக்காந்து, தானும் திரிகை சுத்தி, ராட்டை சுத்திப் பாக்கணும். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போனதுக்கு அப்புறம் தோட்டத்துப் பிள்ளைக குறைஞ்சு போச்சு. அப்போ தென்காசிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து காட்டினாங்க. அதுக சங்கிலிச் சட்டியைப் பாத்து, "எங்க வீட்டுலயும்தான் கஞ்சி, இதுக்கா நடந்து வந்தோம்"னு கேக்கும்.

வீட்டைக் கட்டின மொதத் தொரை ஒரு சட்டம் வச்சிட்டுப் போனாரு. அந்தக் கல்லு மேல நெருப்பு அணையவே கூடாது. நெருப்பு இருக்குத வரைக்கும் சங்கம் அந்த வீட்டை நடத்தும். நெருப்பு அணைஞ்சா அத்தோட மூடிறணும். அவங்க தேசத்துல அப்படித்தானாம். தாத்தா பத்த வச்ச நெருப்புல பேரன் குளிர் காய்வானாம். வருசத்துக்கு ஒருதரம், ஆடி மாசம், சங்கத்துல இருந்து ஒரு பெரிய தொரை வந்து குனிஞ்சு கல்லு மேல கைய வச்சுப் பாத்துட்டுப் போவாரு.

அங்கன குடியிருந்தது ஒரு தொரசாணியம்மா. கல்யாணம் கட்டிக்கிடாதவங்க. மலையிலேயே பிறந்து ஆயாமாரு மடியில வளந்ததால தமிழ் பேசுவாங்க, தோட்டத்துத் தமிழ். அலமாரி மாதிரிக் கதவு போட்ட கட்டில் ஒண்ணு இருந்தது, அதுக்குள்ள ஏறிப் படுத்துக் கதவைச் சாத்திக்கிடுவாங்க. நான் வேலைக்குப் போன அன்னைக்கு என் நாலு பிள்ளைகளையும் பாத்தாங்க. அவங்க தேசத்து வீட்டுல ஒரே கூரைக்குக் கீழ ஒரு பக்கம் மனுசன், மறுபக்கம் மாடு. அந்த மாட்டு அறை சும்மா கிடந்தது. "நீ மாடு இல்லை. ஆனா மாட்டு ரூமு நல்ல ரூமு"ன்னாங்க. அப்படி நாங்க அஞ்சு பேரும் அதுக்குள்ள போனோம்.

ஏன் போனோம்னா, என் வீட்டுக்காரரு சிலோனுக்குத் தேயிலை வேலைக்குப் போனவரு. மொதல்ல ஆளு மூலமா நல்லது பொல்லது தெரிஞ்சது, அப்புறம் ஒண்ணும் இல்ல. செத்தாரா, அங்கனயே இன்னொரு குடும்பம் ஆச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சுரண்டையில மாமனார் வீட்டுல கொழுந்தன் கை ஓங்கிச்சு. ஊர்ப் பெரிய ஆளுகளை வச்சுப் பேசினாங்க. எனக்குன்னு ஒரு கூரையும் வேலையும் இருக்குத வரைக்கும் பிள்ளைக எங்கூட இருக்கலாம். அது இல்லைன்னு ஆன அன்னைக்கு, மூணு பயலுகளும் கொழுந்தன் வீட்டுக்கு, ஆடு மாடு மேய்க்க. மூத்தவ பொண்ணு. அவளைக் கொழுந்தன் பொண்டாட்டியோட அண்ணனுக்குன்னு வச்சிருந்தாங்க. அவனுக்கு மொதத் தாரம் போய்ச் சேந்திருந்தது, தலையும் நரைச்சிருந்தது. என் மகளுக்கு அப்போ பதினோரு வயசு.

செங்கோட்டை திருவாங்கூரை விட்டு நம்ம பக்கம் சேந்ததுக்கு அடுத்த சீசன். கொழுந்தன் அருவியில குளிக்க வந்தவன், தலையில எண்ணெயோட மதில் வாசல்ல வந்து நின்னான்.

"என்ன மயினி, தொழுவத்துல குடித்தனம் எப்படி இருக்கு?"

"மாடு இருந்த இடம், தம்பி. மகாலட்சுமி இருந்த இடம்."

"அது சரி. தொரைமாரு ஒவ்வொருத்தரா மூட்டை கட்டுதாவளாமே? இதையும் இந்த வருசம் மூடுதாவன்னு தென்காசியில பேச்சு. மூடினா ஒரு சொல்லு சொல்லி விடுங்க. வண்டி கட்டிட்டு வந்து பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறேன்."

"நெருப்பு எரியுது. எப்படி மூடுவாங்க?"

"நெருப்புத்தானே?"ன்னு சிரிச்சான். "சாரலைப் பாத்தியளா?"

சாரலைச் சொல்லி அவன் சிரிச்சது எனக்கு நெஞ்சுல ஊசி மாதிரி இறங்கிச்சு. சாரல் பிடிச்சா குற்றாலத்துல காயுத பொருள் எது? விறகு ஊறிப் போகும். அவங்க தேசத்துல ஏதோ மண்ணை வெட்டிக் காயவச்சு எரிப்பாங்களாம், இங்கன அதுக்குப் பதிலா வறட்டிதான். வறட்டியை நான் என் பிள்ளைக படுக்குத இடத்துல, பாய்க்கு அடியில அடுக்கி வச்சிருந்தேன். சூடு அதுக்கும் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் கிடைக்கும். விளக்கு வைக்கித நேரத்துல நெருப்பை மூடணும். நெருப்புக் கங்கை மூணு கும்பலாப் பிரிச்சு, நடு நடுவுல வறட்டியைச் சொருகி, மேல சாம்பலைப் போத்தணும். தொரசாணியம்மா அவங்க சாமி பேரைச் சொல்லுவாங்க, இங்கிலீஷ் இல்ல, அவங்களோட பழைய பாஷை. நான் எங்க ஊரு அம்மன் பேரைச் சொல்லிக்கிடுவேன். விடியக்காலம் சாம்பலை விலக்கினா உள்ள கண்ணு முழிச்சுக் கிடக்கும். அதைப் பாத்தாத்தான் எனக்கு மூச்சு வரும். அந்தச் செவப்புத்தான் என் நாலு பிள்ளை.

ஆடி பொறந்ததும் தொரசாணியம்மா கட்டிலை விட்டு எந்திரிக்கல. டாக்டர் தென்காசியில இருந்து வந்து பாத்துட்டு, நெஞ்சுல சளி கட்டியிருக்கு, இந்தப் புகையில இருக்கக் கூடாது, நெருப்பை அணைக்கணும்னாரு. தொரசாணியம்மா அவரைப் பாத்த பார்வையில அவரு பையை எடுத்துட்டுப் போயிட்டாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க.

"சங்கத்துத் தொரை வரும்போது கல்லு சூடா இருக்கணும். அது போதும். மத்ததை நான் பேசிக்குவேன்."

"நீங்க மொதல்ல கஞ்சியைக் குடிங்க."

"நீ எனக்கு அம்மாவா?"

"ஆமா. வாயைத் திறங்க."

சிரிச்சாங்க. சிரிச்சா இருமல் வரும். நான் முதுகைத் தடவிக்கிட்டே கல்லைப் பாப்பேன். எனக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு பக்கம் இழுத்தது. அவங்க மூச்சும் நிக்கக் கூடாது, நெருப்பும் நிக்கக் கூடாது.

தொரை வாரேன்னு சொல்லி விட்டிருந்த அன்னைக்குக் காலையில, சாம்பலை விலக்கிட்டுக் கட்டில் கதவைத் திறந்தேன். போயிட்டாங்க. முகம் சுவத்துப் பக்கம் திரும்பியிருந்தது. நான் கண்ணை மூடி விட்டேன், தாடையைக் கட்டினேன், நேரா நீட்டிப் படுக்க வச்சேன்.  திரும்பினா நடுவீட்டுல நெருப்பு எரியுது.

எங்க வழக்கத்துல ஒரு வீட்டுல துட்டி ஆயிட்டா, சடலத்தை எடுக்குத வரைக்கும் அந்த வீட்டுல அடுப்பு எரியக் கூடாது. கைக்குழந்தைக்குப் பால் காச்சணும்னாலும் அடுத்த வீட்டுலதான். பிணம் கிடக்க அடுப்பு எரிஞ்சா என்ன அர்த்தம்? அந்தச் செத்த ஆளுக்கு அழ ஒரு நாதி இல்லை, வீட்டுல இருக்கவங்களுக்கு வயித்துப் பாடுதான் பெருசுன்னு அர்த்தம். தொரசாணியம்மாவுக்குப் பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவங்க பக்கத்துல இல்லை. அவங்க தலைமாட்டுல நெருப்பை எரிய விட்டா நான் அவங்களை அநாதைன்னு ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகும். அணைச்சா என் பிள்ளைக போச்சு.

அந்த வீட்டுத் தோட்டக்கார அண்ணாச்சி வாசல்ல வந்து எட்டிப் பாத்தாரு. எங்க அம்மை ஊர்க்காரரு, என்னை அங்கன வேலைக்குச் சேத்து விட்டவரே அவருதான். தலையில இருந்த துண்டை எடுத்தாரு.

"எப்போ?"

"விடியக் காலம் போல இருக்கு."

"பின்ன என்ன இன்னும் புகையுது? அணை தாயி."

"அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாதா..."

"தெரியும். அதுக்காக? எனக்குச் சோறு போட்ட மகராசி. இந்த மதிலுக்குள்ள புகை வரக் கூடாது."

"உங்க குடிசையில கொஞ்ச நேரம் வச்சுக்கிடுங்களேன்."

"என் குடிசை மதிலுக்கு வெளியவா இருக்கு?"

அப்போதான் எனக்கு அது தோணிச்சு. அணைக்க வேண்டாம், இந்த வீட்டை விட்டு வெளிய கொண்டு போயிருவோம். சடலம் எடுத்ததும் திருப்பிக் கொண்டாந்து கல்லு மேல வச்சிருவோம். அவங்களுக்கும் மரியாதை, நெருப்பும் சாகல. ஒரு மண்சட்டியில சாம்பலைப் பரப்பி, கங்கு எல்லாத்தையும் அள்ளிப் போட்டேன். ஒரு கங்கை விடல. கல்லைத் துடைச்சேன். தொரசாணியம்மாவோட கட்டம் போட்ட கம்பளி ஒண்ணு இருந்தது. அதுல நாலு மூலைக்கு நாலு பிள்ளைகளைப் பிடிக்கச் சொல்லி, நடுவுல நான் சட்டியோட நடந்தேன். அண்ணாச்சி சடலத்துக்குக் காவலா வீட்டுல நின்னாரு. கடைக்குட்டிக்கு அஞ்சு வயசு, அவன் மூலை தாழ்ந்து தாழ்ந்து போகும். அந்தப் பக்கமாத்தான் தண்ணி ஒழுகும்.

"ஏலே, தூக்கிப் பிடிலே!"

"கை வலிக்குதும்மா."

"வலிக்கட்டும். தூக்கு."

அன்னைக்குக் குற்றாலம் முழுக்கக் கூட்டம். எண்ணெய்த் தலையும் ஈர வேட்டியுமா ஜனங்க. மொதல்ல டீக்கடை. அந்தக் கடைக்காரரு நல்ல மனுசன், பிள்ளைகளுக்குக் கேக்காமலே பன் குடுப்பாரு.

"அண்ணாச்சி, இந்தச் சட்டி சாயங்காலம் வரைக்கும் உங்க அடுப்போரமா இருக்கட்டும்."

"எங்கன இருந்து வருது?"

"கல்லு வீட்டுல இருந்து."

"தொரசாணி போயிட்டாவளாமே? இப்பத்தான் கேள்விப்பட்டேன்."

"ஆமா."

அவரு கை அடுப்புக்கு முன்னால வந்து மறைச்சது. "தாயி, கோவிச்சுக்கிடாத. துட்டி நெருப்பை இங்கன வச்சா நாளைக்கு எவன் எங்கிட்ட டீ குடிப்பான்?"

நான் யோசிக்காம விட்டது அதைத்தான். துட்டி வீட்டுல இருந்து சட்டியில நெருப்பு வெளிய வந்தா அது எங்க போகும்? ஒரே ஒரு இடத்துக்குத்தான். பிணத்துக்கு முன்னால போற சட்டி அது. அதை எந்த வீட்டு வாசப்படிதான் உள்ள விடும்? மங்குஸ்தான் பழக்கடை, எண்ணெய் தேய்க்கித ஆளோட கொட்டகை, சத்திரத்துச் சமையல்கட்டு, ஒண்ணு விடாமக் கேட்டேன். ஒருத்தன் கதவைச் சாத்தினான். ஒரு அம்மா சாணித் தண்ணியைத் தெளிச்சா. தொரசாணியம்மா மாதிரி ஏசுசாமி கும்பிடுத வேதக்காரங்க வீடு பக்கத்துல இருந்திருந்தா வாங்கியிருப்பாங்க. அவங்க கோயில் உபதேசியாரு வீடே தென்காசியில, இந்த மழையில அது வரைக்கும் கங்கு தாங்குமா?

இதுல ஒரு கூத்து. மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒண்ணு குளிச்சிட்டு எதிர்ல வந்தது. கம்பளிப் பந்தலுக்குக் கீழ ஒரு பொம்பளை தீச்சட்டியோட வரவும், அம்மனுக்கு நேர்த்திக்கடன்னு நினைச்சு அந்த வீட்டுக்காரி நடுரோட்டுல என் கால்ல விழுந்துட்டா.

"ஆத்தா, எம்மகனுக்கு ஒரு வேலை கிடைக்கணும். ஒரு சிட்டிகைச் சாம்பல் குடு."

நான் வாயைத் திறக்குததுக்குள்ள அவளே எடுத்து நெத்தியில பூசிட்டா. டீக்கடையில இருந்து ஒருத்தன் கத்தினான்: "ஏ மதினி, அது அம்மன் சட்டி இல்ல, துட்டிச் சட்டி!" அவ நெத்தியை அழிச்சுக்கிட்டே மறுபடி அருவிக்கு ஓடினா, பின்னாலயே புருசனும் ஓடினான். என் மக சிரிச்சிட்டா. எனக்குச் சிரிப்பு வரல. சட்டிக்குள்ள பாத்தேன். ஓரத்துக் கங்கு கறுத்திருந்தது.

கம்பளி ஊறிக் கனத்துப் போச்சு. பிள்ளைக கை மாத்தி மாத்திப் பிடிக்குதுக. அரச மரத்தடியில நின்னேன், இலையில இருந்து சொட்டுச் சொட்டா விழுது. பாறை ஓரத்துல நின்னேன், காத்து திரும்பி அடிக்குது. கையால மூடினேன், உள்ளங்கை கொப்பளிச்சது. அந்த நேரத்துல எனக்கு சாமி ஞாபகம் வரல, புருசன் ஞாபகம் வரல. பொண்ணு கேட்ட நரைச்ச தலைதான் கண்ணு முன்னால வந்து வந்து போச்சு. என் மக என் முகத்தைப் பாத்தா.

"அம்மா, அந்தச் சட்டி எங்க போகணுமோ அங்கனயே போவமே. அங்கன கூரை இருக்கும்லா?"

பதினோரு வயசுப் பிள்ளை சொன்னா. சித்தாத்துக் கரையில மயானம். பொம்பளைக அந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறது அதை விடப் பாவம். எனக்கு அது எல்லாம் தெரியும். போனேன்.

தகரக் கொட்டகை. மயானத்தைப் பாத்துக்கிடுத பெரியவரு உள்ள குத்தவச்சுப் பீடி குடிச்சிக்கிட்டு இருந்தாரு. எங்களைப் பாத்ததும் எந்திரிச்சு, எங்களுக்குப் பின்னால எட்டிப் பாத்தாரு.

"சட்டி வந்துட்டு. ஆளை எங்க?"

"ஆளு இல்ல, பெரியவரே. சட்டி மட்டும்தான்."

"என்ன தாயி, இங்கன எல்லாரையும் தூக்கிட்டுத்தான் வருவாவ. நடந்து வந்த மொத ஆளு நீதான்."

விசயத்தைச் சொன்னேன். கேட்டுட்டு, "நெருப்புக்கு இங்கன யாரும் கதவைச் சாத்த மாட்டாவ"ன்னு சொல்லி, மூலையில எரிக்க அடுக்கியிருந்த வறட்டியில நல்லாக் காஞ்சதாப் பாத்து எடுத்துக் குடுத்தாரு. சட்டி புகைஞ்சு, கமறி, செவந்துச்சு. அந்தச் செவப்பைப் பாத்துத்தான் நான் அன்னைக்கு மொத மொதல்ல அழுதேன். தொரசாணியம்மாவுக்கும் சேத்து அழுதேன். பிள்ளைக பசின்னு சொல்லல, ஆனா அதுக வயிறு இரையுதது எனக்குக் கேட்டது. பெரியவரு தன் பைக்குள்ள இருந்து மரச்சீனிக் கிழங்கை எடுத்தாரு. அந்த நெருப்புலயே சுட்டுத் தின்னோம். அதைப் போல ருசியா நான் தின்னதில்ல, பாவமோ புண்ணியமோ.

மத்தியானத்துக்கு மேல தோட்டக்கார அண்ணாச்சி விசாரிச்சுக்கிட்டே மயான எல்லை வரைக்கும் வந்து நின்னு கூப்பிட்டாரு. உபதேசியாரு ஆளுக வந்து சடலத்தை எடுத்தாச்சாம். சங்கத்துத் தொரையும் வந்துட்டாராம்.

"நெருப்பு எங்கன்னு தொரை கூட வந்த குமாஸ்தா கேட்டாரு. மயானத்துக்குப் போயிருக்கு, இப்போ வந்துரும்னேன். என்னை ஒரு மாதிரியாப் பாக்குதாரு."

நான் ஓடினேன். வீட்டைக் கழுவி விட்டிருந்தாங்க. பெரிய தொரை கல்லுக்குப் பக்கத்துல தொப்பியைக் கையில வச்சிக்கிட்டு நின்னாரு. உயரமான மனுசன், வயசாளி, கண்ணு கலங்கியிருந்தது. கல்லு மேல கைய வச்சுப் பாத்திருக்காரு போல, உள்ளங்கையில ஈரம். நான் சட்டியை நீட்டினேன்.

"அணையல. ஒரு கங்கு கூட வேற நெருப்பு இல்ல. இது அதேதான்."

குமாஸ்தா இங்கிலீஷ்ல சொன்னாரு. எங்கன இருந்து வந்ததுன்னும் சொன்னாரு, மூக்கைப் பொத்திக்கிட்டே. தொரை சட்டிக்குள்ள குனிஞ்சு பாத்தாரு. அப்புறம் மெல்லப் பேசினாரு.

"இந்தாம்மா, தொரை என்ன சொல்லுதாருன்னா, நெருப்பு கல்லு மேல அணையக் கூடாதுங்கிறதுதான் சட்டம். கல்லு குளுந்துட்டு. கல்லை விட்டு இறங்கினா அணைஞ்ச மாதிரிதான்."

"கல்லு மேல இருந்தா நெருப்பு, சட்டியில இருந்தா நெருப்பு இல்லையா? கேளுங்க அவரை. அவங்க செத்துக் கிடக்கும்போது பக்கத்துல எரிய விட்டிருந்தா அவங்களுக்கு யாருமில்லைன்னு ஆயிருக்கும். அதுக்குத்தான் எடுத்தேன். எனக்கு நாலு பிள்ளைக. இந்த வீடு மூடினா அதுகளைப் பிச்சு எடுத்துருவாங்க. அதையும் சொல்லுங்க, விடாமச் சொல்லுங்க."

குமாஸ்தா சொன்னாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், கால்ல விழல. தொரை என் கொப்பளிச்ச கையைப் பாத்தாரு. நான் செஞ்சது சரின்னு சொன்னாராம். ஆனா சங்கம் அவரு ஒருத்தரு இல்லையாம், தோட்டமெல்லாம் கை மாறுது, பிள்ளைக வாரதில்லை, சட்டத்தைச் சொல்லி மூடணும்னு பேசுதவங்க நிறையப் பேராம். திரிகை, ராட்டை, சங்கிலி எல்லாம் பெட்டியில போட்டு அவங்க தேசத்துக்குப் போகுமாம், அங்கன படிக்குத பிள்ளைகளுக்குக் காட்டுவாங்களாம். சீசன் முடியுத வரைக்கும் நான் அந்த அறையில இருக்கலாம்.

என் கையில சட்டி செவப்பா எரிஞ்சுக்கிட்டு இருந்தது. அதை என்ன செய்யன்னு யாரும் சொல்லல.

அப்புறம் வந்த நாளுக எப்படிப் போச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. பெட்டிக்கு ஆணி அடிக்குத சத்தம். கூரைக் கயித்துல இருந்து கல்லை அவுத்துட்டாங்க. டீக்கடைக்காரரு பிள்ளைகளைக் கண்டா உள்ள போயிருவாரு. அடிபம்புல நான் குடம் வச்சா மத்தவங்க குடம் தள்ளி நிக்கும். சுடுகாட்டுக்காரின்னு எனக்குப் பேரு வந்துட்டு. இதெல்லாம் எனக்கு உறைக்கல. ரோட்டுல வண்டிச் சத்தம் கேட்டாத்தான் உயிர் போயிட்டுப் போயிட்டு வரும். மகளைக் கூட்டிட்டு எங்கயாவது ஓடிரலாமான்னு நினைப்பேன். அப்போ மூணு பயலுக? கடைக்குட்டியை மட்டும் தூக்கிட்டு ஓடலாமான்னும் நினைச்சேன். எதை விட, எதை எடுக்க? தூங்குத பிள்ளைகளைப் பாத்து அப்படிக் கணக்குப் போட்ட ஒரு தாயி உலகத்துல வேற இருப்பாளான்னு எனக்குத் தெரியாது.

ஆவணி பிறந்ததும் வண்டி வந்துட்டு. கொழுந்தன் இறங்கினான், கூட அவன் பொண்டாட்டியும். பிள்ளைக துணிமணியை நான் ஏற்கனவே ஒரு மூட்டையாக் கட்டி வச்சிருந்தேன். அவுக்கவும் மனசு வரல, குடுக்கவும் மனசு வரல. ரெண்டு பேரும் மதில் வாசல்லயே நின்னுட்டாங்க. உள்ள வரல.

"மயினி, வார வழியில டீக்கடையில ஒரு பேச்சு கேட்டோம். நிசமா?"

"என்ன பேச்சு?"

"நீங்க சுடுகாட்டுல போயி உக்காந்தியளாமே?"

"ஆமா."

"பிள்ளைகளையும் கூட்டிட்டா?"

"நாலையும்தான்."

அவன் பொண்டாட்டி முந்தானையால வாயைப் பொத்தினா. "எங்கண்ணனுக்குப் பேசின பொண்ணுமா?"

"அவதான் வழியே சொன்னா. அங்கனயே கிழங்கு சுட்டுத் தின்னோம்."

"எதுல சுட்டிய?"

"அங்கன வேற எதுல சுட? பிணம் எரிக்க வச்சிருந்த வறட்டியிலதான்."

அவ புருசன் கையைப் பிடிச்சு இழுத்தா. "வாரும். இதுகளை வீட்டுல சேத்தா குலம் விளங்குமா? ஆடு மாடு கூடச் செத்துப் போகும்."

"ஏட்டி, சும்மா இரு. பயலுகளையாவது..."

"பயலுகளா? நம்ம பிள்ளைக கூடவா படுக்க வைப்பிய? நான் எங்க அப்பன் வீட்டுக்குப் போறேன். நீரும் உம்ம அண்ணன் பிள்ளைகளும் இருந்துக்கிடுங்க."

கொழுந்தன் என்னைப் பாத்தான். நான் ஒரு வார்த்தை குறைச்சுச் சொல்லுவேனான்னு அவன் காத்து நின்ன மாதிரி இருந்தது. நான் குறைக்கல.

"கடைக்குட்டி ரெண்டு கிழங்கு தின்னான்"னு சொன்னேன்.

வண்டி திரும்பிச்சு. தண்ணி கூடக் கேக்கல. நான் மதிலைப் பிடிச்சுக்கிட்டு அது வளைவு திரும்புத வரைக்கும் நின்னேன்.  உள்ள வந்தா, நாலும் மாட்டு அறை மூலையில ஒண்ணை ஒண்ணு கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. மூட்டையை அவுத்தேன். அவுத்துட்டு, சீசன் முடியப் போகுதேன்னு ஞாபகம் வந்து, மறுபடி கட்டினேன்.

சீசன் முடிஞ்சதும் பாவூர்சத்திரம் சந்தையில வெங்காயம் ஆயுத வேலைக்குச் சேந்தேன். சாக்கை விரிச்சு, மண்டிக்குப் பின்னால சாய்ப்புல படுத்தோம். மழை உள்ள வரும், எலி வரும். பட்டினி கிடந்தோம், அதை மறைக்க என்ன இருக்கு. ஆனா அஞ்சு பேரும் ஒரே சாக்குல கிடந்தோம். என் மகளை அவளுக்கு விவரம் வந்த பிறகு, அவளுக்குப் பிடிச்ச இடத்துலதான் குடுத்தேன். அவ பெத்த பிள்ளை பெத்ததுதான் இப்போ எழுதிட்டு இருக்குத இவ. சொல்லப் போனா கொள்ளுப்பேத்தி, ஆனா நான் பேத்தின்னுதான் கூப்பிடுவேன்.

போதும் ஏட்டி, கையை எடு. மொதல்ல இருந்து வாசி, பைய வாசி. கொழுந்தன் பொண்டாட்டி பேசுனதை அவ பேசுன மாதிரியே எழுதியிருக்கியா, இல்ல உன் இஷ்டத்துக்கு மெழுகிட்டியான்னு நான் கேக்கணும்.